பால் வடிந்த சிலுவை

மச்சான்,

இன்று காலையில் என் தகரப் பெட்டியைக் கிளறினேன். மேலே வேட்டி, அடியில் கம்பளி, இரண்டுக்கும் நடுவில் அந்தச் சட்டை. இடது தோளில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. ஒட்டிய அன்று வெள்ளையாக இருந்தது, பிறகு மஞ்சளானது, இப்போது புகையிலைச் சாறு மாதிரி கறுத்துக் கிடக்கிறது. மூக்கருகே கொண்டுபோனேன். புளித்த ரப்பர் பால் வாசனை இன்னும் போகவில்லை. அதற்குள் உன் வேர்வையும் கலந்திருக்கும். சும்மா சொல்லக்கூடாது, அது ஒன்றும் மல்லிகைப்பூ வாசனை இல்லை.

நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. வருகிற வெள்ளிக்கிழமை பெரிய வெள்ளி. லயத்து வீடுகள் முழுக்க ஒரு வாரமாக ஒரே பேச்சு: சேசு சாமி வேஷக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், இந்த வருஷம் பாஸ்கு நாடகம் வேண்டாம் என்று. அதைக் கேட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் நான். எழுத்து கோழி கிளறியது மாதிரிதான் இருக்கும். நீ இருந்தால் சிரிப்பாய். சிரி.

எல்லாம் உனக்குத் தெரிந்த கதைதானே, எனக்கே ஏன் எழுதுகிறாய் என்று கேட்பாய். எல்லாம் தெரியாது மச்சான். முதல் வருஷம் நீ சிலுவைக்கு அடியில் முகம் குப்புறக் கிடந்தாயே, அந்த நேரம் உன் முதுகுக்குப் பின்னால் நடந்தது உனக்குத் தெரியாது. அதற்கு முன்னால் என் வயிற்றுக்குள் கிடந்தது இன்னும் தெரியாது.

அதற்கும் முந்தின வருஷத்துப் பெரிய வெள்ளியிலிருந்து ஆரம்பிக்கிறேன். ரப்பர் விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆள் குறைத்து, கூட்டம் கூட்டமாகக் கப்பலில் ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். உன் பெண்டாட்டி நாலு நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள். உன்னை நான் மச்சான் என்று கூப்பிட்டதால் அவள் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள், எனக்கும் அவள் தங்கச்சிதான். ஒண்டிக்கட்டையான எனக்கு ஒரு பிடி சோறு எடுத்து வைக்காமல் அவள் உலையை இறக்கியதில்லை. அன்று காலை பெரட்டுக்குத் தகரம் அடித்தார்கள். ஆள் கணக்கெடுக்கிற அந்தக் களத்துக்குப் போகாமல் நீ வாசலிலேயே நின்றாய்.

"இன்னிக்கு வரல மச்சான். இவ ஒடம்பு நெருப்பா இருக்கு."

நான்தான் சொன்னேன். "சும்மா காய்ச்சல்தான் மச்சான். கொயினா மருந்து குடுத்திருக்குல்ல. பெரட்டுல உன் பேரு விட்டுப்போச்சுன்னா கங்காணி அடுத்த கப்பல்ல ஏத்திருவான். மரத்தச் சீவிட்டு வெரசா வந்துரலாம், வா."

உள்ளேயிருந்து அவளும் சொன்னாள். "போய்ட்டு வாங்க. அண்ணன்தான் சொல்லுதுல்ல."

அன்றைக்கு ஸ்டோரில் பால் நிறுக்கிற வரிசை நீண்டு போனது. மூன்று மணிக்கு அங்கே தொங்குகிற இரும்புத் துண்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பொம்பளை மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். உன் கையில் பால் வாளி இருந்தது. உன் பெண்டாட்டி கடைசி மூச்சு விட்டபோது கையைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. செபம் சொல்ல ஆள் இல்லை. ஈப்போவிலிருந்து சாமியார் வருவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை. தோட்டத்து எல்லையில் இருக்கிற செம்மண் மேட்டில், லாலாங் புல்லுக்கு நடுவில் அவளைப் புதைத்தோம்.

நீ என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த வருஷம், பெரிய வெள்ளிக்கு முந்தின நாற்பது நாள் தபசுகாலம் தொடங்குவதற்கு முன்னால் நீ உபதேசியாரிடம் போய் நின்றாய். நம் தோட்டத்துக் கிறிஸ்தவர்களுக்கு செபம் சொல்லிக் கொடுக்கிற கிழவர், குடை இல்லாமல் வெளியே இறங்கமாட்டார். நானும் பின்னாலேயே வந்து தூணோடு சாய்ந்து நின்றேன்.

"ஊர்ல போடுற மாதிரி இங்கயும் பாஸ்கு போடணும் உபதேசியாரே. சேசு சாமி வேஷம் நான் போடுறேன். பொதைகுழி மேடுதான் கல்வாரி மலை. பெரிய வெள்ளி மூணு மணிக்கு நான் சிலுவையோட அவகிட்ட இருக்கணும். போன வருஷம் அந்த நேரத்துக்கு நான் இல்ல."

அவ்வளவுதான் கேட்டாய். மூன்று மணிக்கு, சிலுவையோடு, அவள் பக்கத்தில். அதற்குப் பிறகு உன்னை யாரும் அசைக்க முடியவில்லை.

கங்காணி துரையிடம் கேட்டுவிட்டு வந்து சொன்னது உனக்கு நினைவிருக்கும். "லீவெல்லாம் கெடையாது. சீவி முடிச்சு, பால நிறுத்துட்டு, அதுக்கப்புறம் எதைவேணா தூக்கிக்கிட்டு ஆடுங்க. பெரட்டுல ஒரு பேரு கொறஞ்சா, அவன் கப்பல்ல போய் ஆடட்டும்."

வேஷம் பிரித்தார்கள். தலைமைச் சீடர் இராயப்பர் வேஷத்துக்கு மூன்று பேர் சண்டை போட்டார்கள். தீர்ப்புச் சொல்கிற பிலாத்துக்கு நாவிதர், அவரிடம்தான் நல்ல நாற்காலி இருந்தது. சிலுவை சுமக்க உதவுகிற சீமோனுக்கு சூசை, மாடு மாதிரி உடம்பு. சேசுவைக் காட்டிக் கொடுத்துவிட்டுத் தூக்கில் தொங்குகிற யூதாஸுக்கு ஆள் இல்லை. வேஷம் போட்டவனுக்குப் பெயர் ஒட்டிக்கொள்ளும், சாவு நல்லபடியாக வராது என்று ஒவ்வொருவனும் தரையைப் பார்த்தான். நான் கையைத் தூக்கினேன்.

உபதேசியார் கண்ணை இடுக்கினார். "நீ வேல் வச்சுக் கும்பிடுறவன்ல?"

"யூதாஸுக்கு ஞானஸ்நானச் சீட்டு கேப்பாங்களா உபதேசியாரே?"

எல்லோரும் சிரித்தார்கள். இவன் எதிலும் விளையாட்டுக்காரன் என்று நினைத்தார்கள். நீ மட்டும் சிரிக்காமல் என்னை ஒரு தடவை பார்த்தாய். நம்பிக் கூட இருந்தவனைச் சாவுக்கு விட்டவன் வேஷத்துக்கு இந்தத் தோட்டத்திலேயே எனக்குத்தான் உரிமை என்று நான் நினைத்ததை, நீ அந்தப் பார்வையிலேயே கண்டுபிடித்துவிட்டாயோ என்று பயந்தேன்.

உபதேசியார் ஒரு சட்டம் போட்டார். நாற்பது நாள் ஒருசந்தி இருந்து, ஒருவேளைச் சோறோடு, கள்ளைத் தொடாமல் இருப்பவன்தான் சிலுவையைத் தொடலாம். உனக்கும் சூசைக்கும்தான் அந்தச் சட்டம். காட்டிக் கொடுப்பவனிடம் யார் விரதம் கேட்கப் போகிறார்கள்?

குருத்தோலை ஞாயிறு ஞாபகம் இருக்கிறதா? சேசு சாமி ஏறி வர வேண்டிய கழுதைக்கு எங்கே போவது? பால் வண்டி மாட்டை அவிழ்த்து, கொம்பில் பூச் சுற்றி, உன்னை மேலே ஏற்றினோம். பெண்கள் தென்னங்குருத்தை ஆட்டிக்கொண்டு பாடி வந்தார்கள். மாடு கோவில் கொட்டகைப் பக்கம் திரும்ப வேண்டும். அது திரும்பவில்லை. நேராக ஸ்டோருக்குப் போய், தினமும் வண்டியை நிறுத்துகிற இடத்தில் சரியாக நின்றுவிட்டது. உபதேசியார் குடையால் அதன் பின்புறத்தைக் குத்துகிறார், அது காதைக்கூட ஆட்டவில்லை. ஊரே தெருவில் குருத்தோலை பிடித்து நிற்க, நீ தராசுக்கு முன்னால் சேசு சாமியாக உட்கார்ந்திருந்தாய்.

"சாமி, இன்னிக்குப் பாலு எத்தன வாளி?" என்று கேட்டேன்.

அவள் போன பிறகு நீ வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அந்த மாட்டுக்கு நான் ரகசியமாக ஒரு கட்டு புல் வாங்கிப் போட்டேன்.

அடுத்து நாம் செய்தது பைத்தியக்காரத்தனம். திங்கட்கிழமை அடித்த காற்றில் பதினேழாம் நம்பர் காட்டில் ஒரு மரம் சாய்ந்தது. வியாழக்கிழமை மத்தியானம், சீவி முடித்த கையோடு, பாராங் கத்தியும் ரம்பமும் எடுத்துக்கொண்டு போய் அதில் சிலுவை அறுத்தோம். பாதி வேர் மண்ணில் இருந்ததால் மரத்துக்கு உயிர் இருந்தது. வெட்டிய இடமெல்லாம் பால் குபுகுபுவென்று வடிந்தது. நான் பால் பிடிக்கிற மங்குக் கிண்ணம் ஒன்றை எடுத்து அதற்கு அடியில் மாட்டினேன்.

"பாலு வீணாப் போகுது மச்சான். கங்காணி பார்த்தா சாமி கூலியில புடிச்சுக்குவான்."

"டேய், சும்மா இரு. பட்டைய உரிக்காத, அப்படியே இருக்கட்டும். பாக்க மரம் மாதிரி இருக்கணும்" என்றாய்.

பட்டையோடு, ஈரத்தோடு, தொடை கனத்தில் ஒரு மரம், அதன் குறுக்கே இன்னொன்று. கயிற்றால் இறுக்கிக் கட்டிய பிறகு நாம் இரண்டு பேரும் தூக்கிப் பார்த்தோம். கனம் இரண்டு பேர் முதுகையும் வளைத்தது. பதினைந்து வருஷமாக அந்த மரத்தைச் சீவுகிறோம். பட்டையைப் பார்த்தே மரத்தில் எவ்வளவு பால் வரும் என்று சொல்லுகிற அளவுக்கு அதைத் தெரியும் என்று நினைப்பு. அதைத் தோளில் தூக்கி மட்டும் பார்த்ததில்லை.

"காய வச்சிருக்கணும்லா. வேற மரம் பாப்போமா?" என்று கேட்டேன்.

"நேரமில்ல. இதுதான்."

அன்று சாயங்காலம் கடைசி ராப்போசனம். கோவில் கொட்டகையில் பாயை விரித்து, சீனன் கடை ரொட்டியும் பாலில்லாத காப்பியும் வைத்து உட்கார்ந்தோம். நீ இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு பேர் காலையும் கழுவினாய். என் முறை வந்தது. வெடித்த குதிகால், நகக்கண்ணில் காய்ந்த ரப்பர். எனக்குக் கூச்சம் தாங்காமல் நெளிந்தேன்.

"ஆடாம இருடா, யூதாஸு" என்று முணுமுணுத்தாய். பிறகு மற்றவர்களைவிட என் காலை அதிக நேரம் கழுவினாய். நகக்கண்ணில் இருந்த ரப்பரைக்கூட விரலால் சுரண்டி எடுத்தாய். அன்றைக்கு நான் உன்னை நாடகத்துத் தோட்டக் காட்சியில் கன்னத்தில் முத்தமிட்டுக் காட்டிக் கொடுத்தபோது, என் வெற்றிலைச் சிவப்பு உன் தாடியில் ஒட்டியதென்று பெண்கள் சிரித்தார்கள். நான் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

வெள்ளிக்கிழமை விடியும்போது மழை தூறியது. ஈரப் பட்டையில் கத்தி வைக்க முடியாது. பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். கங்காணி குடைக்குள் நின்று வானத்தைப் பார்த்தார். வெயில் வந்து பட்டை காய்வதற்குள் இரண்டு மணி நேரம் போய்விட்டது. நீ தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஒவ்வொரு மரமாக ஓடினாய். உன் நிரை மரங்களை முடித்துவிட்டு என் நிரையிலும் வந்து கை கொடுத்தாய். பாலை நிறுத்து முடிக்கும்போது மணி ஒன்றரை தாண்டிவிட்டது.

அதற்குள் கங்காணி சூசையைப் பிடித்துக்கொண்டார். பால் நேரம் தப்பி வந்ததால் தொட்டி கழுவ ஆள் போதவில்லையாம். சீமோன் தொட்டிக்குள் இறங்கிவிட்டான். உனக்கு அதைச் சொல்ல வேண்டாம் என்று உபதேசியார் சைகை காட்டினார். நேரம் இல்லாததால் பிலாத்து கையைக் கழுவுவதற்குள்ளேயே உன் தலையில் ரோத்தான் பிரம்பு முள் கிரீடத்தை வைத்துவிட்டார்கள்.

என் வேலை அதற்கு முன்பே முடிந்துவிட்டது. பெரட்டுக் களத்து ஓரத்து மரத்தில், கக்கத்துக்கு அடியில் கயிற்றைக் கட்டிக்கொண்டு தொங்கி, நாக்கைத் தள்ளி, நான்கு கிழவிகளைப் பயமுறுத்திவிட்டு இறங்கினேன். கழுத்தில் மாட்டியிருந்த சுருக்கைக்கூட அவிழ்க்கவில்லை. மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு சுருட்டைப் பற்றவைத்தேன். செத்தவனுக்கு அதுதான் வசதி.

ஊர்வலம் போனது, நானும் சுருட்டோடு கொஞ்சம் பின்னாலேயே போனேன். பெரிய வெள்ளியில் மணி அடிக்கக் கூடாதென்பதால் உபதேசியார் கட்டையைத் தட்டிக்கொண்டே முன்னால் போனார். லயத்தைத் தாண்டியபோது நீ முதல் தடவை விழுந்தாய். அது நாடகத்தில் இருந்தது. சீவிய மரங்களுக்கு நடுவே இரண்டாம் தடவை விழுந்தாய். அதுவும் இருந்தது, ஆனால் எழுந்திருக்க நேரம் பிடித்தது. மேட்டுக்கு அடியில் தண்ணீர் ஓடுகிற கானைத் தாண்டுகிற பலகை வழுக்கிவிட்டது. மூன்றாம் தடவை விழுந்தது நாடகத்தில் இல்லாதது. அந்த மரம் அப்படியே உன் முதுகில் இறங்கியது. சத்தம் எனக்குக் கேட்டது. சுருட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன்.

இனிமேல் சொல்வதுதான் நீ பார்க்காதது.

உன் முகம் சேற்றில் இருந்தது. உபதேசியார் குனிந்து, "போதும்பா. சிலுவைய இங்கயே போட்டுரு. நீ மட்டும் நடந்து போ. ஆண்டவர் ஏத்துக்குவாரு" என்றார்.

சேற்றுக்குள்ளிருந்து உன் குரல் வந்தது. "ஆண்டவர் ஏத்துக்குவாரு. அவ?"

ரோமைச் சேவகர்களாக வந்த இரண்டு பேரும் தகர வாளை வைத்துக்கொண்டு விழித்தார்கள். நேற்று வரை கள்ளுக்கடையில் கிடந்தவர்கள். சட்டத்தை மீறித் தொட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று பயம். மேட்டின் உச்சி கண்ணுக்கு எதிரே தெரிகிறது. ஸ்டோர் இரும்பு எந்த நேரமும் அடிக்கலாம்.

நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு, கழுத்தில் கயிற்றோடு முன்னால் வந்தேன்.

உபதேசியாருக்கு மூச்சே நின்றுவிட்டது. "டேய்! நீ செத்துட்டடா! எங்க வர்ற?"

"மத்தவனுக்கெல்லாம் வேஷம் பாக்கி இருக்கு உபதேசியாரே. செத்தவன்தான் சும்மா இருக்கான்."

"யூதாஸ் சிலுவையத் தொட்டதா எங்கயும் எழுதல!"

"எழுதினவரு அந்த நேரம் வேற பக்கம் பாத்திருப்பாருலா."

"வெளையாடாத. ஒருசந்தி இருக்காதவன் தொடக்கூடாது. சட்டம்."

"இருந்தேன்."

"நீயா? நாப்பது நாளா? யாரு சாட்சி?"

நான் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நம் கள்ளுக்கடைக்காரர் நின்றிருந்தார். அவரைக் காட்டினேன். ஊரே அவர் பக்கம் திரும்பியது. மனிதர் நெளிந்தார்.

"நெசந்தாங்க" என்றார். "நாப்பது நாளா இந்தாளு கடைப் பக்கமே வரல. ஒடம்புக்கு என்னமோன்னு நான் ரெண்டு தடவ ஆளு விட்டு விசாரிச்சேன்."

அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த கூட்டம் குபீரென்று சிரித்தது. உபதேசியார் வாயும் கோணியது. குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "சரி. தூக்கு" என்றார்.

கள்ளுக்கடைக்காரர் சாட்சி சொல்லி சிலுவை நகர்ந்த ஊர் நம் தோட்டம் ஒன்றாகத்தான் இருக்கும்.

நான் குனிந்து இடது தோளைக் கொடுத்தேன். நசுங்கிய பட்டையிலிருந்து பால் கசிந்து சட்டையில் ஊறியது. உன் தோளிலும் ஊறி, வேர்வையோடு கலந்து, வெள்ளை வெள்ளையாக முதுகில் ஓடியது. அப்புறம் நடந்தது உனக்கும் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். மரத்துக்கு அடியில் நம் இரண்டு தலையும் முட்டிக்கொண்டன.

"எதுக்குடா ஒருசந்தி இருந்த?" என்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாய்.

"அன்னிக்கு உன்ன வேலைக்கு இழுத்துட்டுப் போனது நான்தான் மச்சான். நான் சொல்லலன்னா நீ வீட்ல இருந்திருப்ப."

நீ நான்கு அடி எடுத்து வைத்தாய். பிறகு சொன்னாய். "உன் பேச்சுக்கா போனேன்? கங்காணிக்குப் பயந்து போனேன். அது என்னோடது. அத நீ தூக்காத."

"பாதி குடு."

"என்னது?"

"மரத்துல பாதி குடுத்தல்ல. அதுலயும் பாதி குடு. கஞ்சத்தனம் பண்ணாத மச்சான்."

என் பக்கத்துக் கனம் கொஞ்சம் கூடியது. நீ சாய்ந்து கொடுத்தாய். அதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

மேட்டில் ஏறினோம். தூரத்தில் சுண்ணாம்புக் குன்றுகள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. அதற்கு முன்னால் ஈயம் தோண்டிய லம்பத்துக் குளம் மின்னியது. தங்கச்சியின் மண்மேட்டுக்கு ஐந்தடி இருக்கும்போது கங்காணி மூச்சிரைக்க மேலே வருவதைப் பார்த்தேன். தடுக்கத்தான் வருகிறார் என்று பல்லைக் கடித்தேன். அவர் தடுக்கவில்லை. தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். போன வருஷம் உன் பெயரைப் பெரட்டில் கூப்பிட்டவர் அவர்தானே.

சிலுவையை அவள் பக்கத்தில் இறக்கினோம். கீழே ஸ்டோரில் இரும்பு அடிக்க ஆரம்பித்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

உபதேசியார் உனக்கு நாற்பது நாள் சொல்லிக் கொடுத்த கடைசி வசனம் இருந்தது. சிலுவையில் தொங்கியபடி சொல்ல வேண்டியது. அந்த மரத்தை உன்னோடு நிமிர்த்தி நட யாராலும் முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிருந்தது. நீ அதன் மேலேயே முழங்காலில் விழுந்து, இரண்டு கையையும் விரித்து, மண்ணைத் தொட்டாய். வசனத்துக்காக ஊரே காத்திருந்தது.

"வந்துட்டேன் புள்ள" என்றாய்.

அவ்வளவுதான். தலையைச் சாய்த்துவிட்டாய். உபதேசியார் அதுதான் வசனம் என்பது மாதிரி முழங்காலில் விழுந்தார். பின்னாலேயே எல்லோரும். நானும். கழுத்தில் கயிற்றோடு.

அதற்குப் பிறகு ஆறு வருஷம். வருஷா வருஷம் நீ சேசு சாமி, நான் யூதாஸ். மரத்தில் தொங்கிச் செத்து, பாதி வழியில் எழுந்து வந்து சிலுவைக்குத் தோள் கொடுப்பேன். அந்த இடத்துக்காகவே பக்கத்துத் தோட்டத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். சூசைக்குக் கோபம். அவனைச் சேவகனாக்கினோம், உன்னைச் சாட்டையால் அடிக்கிற வேலை கிடைத்ததும் கோபம் தீர்ந்தது. என் பெயரும் போயே போய்விட்டது. பெரட்டில் கங்காணிகூட யூதாஸ் என்றுதான் கூப்பிடுகிறார். காம்பார் சந்தையில் காய் விற்கிற சீனனும் "யூதாஸ்லா" என்று பல்லைக் காட்டுகிறான்.

இரண்டாம் வருஷம் புத்திசாலித்தனமாக மரத்தை முன்கூட்டியே அறுத்து, ரப்பர் தகடு காயப் போடுகிற புகைக்கூடத்தில் காய வைத்தேன். லேசாக இருந்தது. நீ தூக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாய். "கருவாட்டு வாசம் அடிக்குது. இதத் தூக்கிட்டுப் போனா அவளே சிரிப்பா. பச்சையே வெட்டு" என்றாய். அன்றிலிருந்து பச்சை மரம்தான்.

உன் கடைசி நாட்களை நான் அதிகம் எழுத மாட்டேன். நெஞ்சில் சளி கட்டி, பாயோடு பாயாகக் கிடந்தாய். நான் கஞ்சியை ஊட்டிக்கொண்டே, "சேசு சாமியே மூணு நாள்ல எந்திரிச்சிட்டாரு. நீ என்ன மூணு வாரமா படுத்துக் கெடக்க?" என்றேன். நீ சிரித்து, இருமி, கஞ்சியை என் மேலேயே துப்பினாய். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த வருசமும் பச்சையே வெட்டு" என்றாய். வேறு எதுவும் கேட்கவில்லை. உன்னைத் தூக்கிப் போனபோது முன்பக்கம் இடது தோள் என்னுடையதுதான். அதை யாரும் கேட்காமலே எனக்கு விட்டுவிட்டார்கள்.

இப்போது இந்த வருஷத்துக்கு வருகிறேன். நேற்றுக் கோவில் கொட்டகையில் கூட்டம். உபதேசியாருக்குக் கண் மங்கிவிட்டது, ஆனாலும் குடையை விடவில்லை. சேசு வேஷத்துக்கு ஆள் இல்லை, நிறுத்திவிடலாம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

"நிறுத்த வேணாம். மேட்டுக்குச் சிலுவை போகும்" என்றேன்.

"யாரு தூக்குறது?" என்றான் சூசை.

"நான்."

"நீ யூதாஸ்லா!"

"ஆமா. அதுக்குத்தான்."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. உபதேசியார் என் குரல் வந்த பக்கம் திரும்பினார். "அப்ப சேசு யாரு?"

"யாருமில்ல உபதேசியாரே. அவரு எடம் காலியா இருக்கட்டும். எல்லாரும் பாக்கட்டும். முத்தம் குடுத்துக் காட்டிக் குடுத்தவன் ஒருத்தன் இருக்கான். அவன் சாகாம, ஓடாம, கடைசிவரைக்கும் தூக்கிட்டு வர்றான். போதாதா?"

"உனக்கு வயசாயிருச்சுடா. பச்ச மரம் தாங்குமா?"

"விழுந்தா மூணு தடவ விழுவேன். சேசு சாமியே விழுந்தாருல்ல."

குடைப்பிடியைத் திருகினார். "ஒருசந்தி?" என்று கேட்டார்.

"கள்ளுக்கடைக்காரரக் கேளுங்க" என்றேன்.

கிழவர் சிரித்துவிட்டார். அதுதான் உத்தரவு.

மரம் பார்த்து வைத்துவிட்டேன். பதினேழாம் நம்பர் காட்டிலேயே, பால் வற்றாத மரம். வியாழக்கிழமை மத்தியானம் அறுப்போம். பட்டையை உரிக்க மாட்டேன். தோள் எலும்பு இப்போதே வலிக்கிறது, ஆனால் நான் ஏறிவிடுவேன். வேறு எவனாவது கை கொடுக்க வந்தால் கொடுக்கட்டும், தடுக்கமாட்டேன். வராவிட்டாலும் நிற்கமாட்டேன்.

சட்டையை உதறிப் போட்டுப் பார்த்தேன். உடம்பு சுருங்கிவிட்டது, தொளதொளவென்று இருக்கிறது. கறை மட்டும் தோளில் சரியாக வந்து உட்கார்ந்தது. அன்றைக்கு உன்னிடம் பாதி கேட்டு வாங்கினேன். மீதிப் பாதியைக் கேட்காமலே விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். இருக்கட்டும், நான் வைத்துக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை, ஸ்டோர் இரும்பு மூன்று அடிப்பதற்குள் மேலே வந்துவிடுவேன். நீ இப்போது தங்கச்சி பக்கத்தில்தானே கிடக்கிறாய். கொஞ்சம் நகர்ந்து படு மச்சான். சிலுவையை இறக்க இடம் வேண்டும்.